சீமாட்டி கொடுத்த பெயர்

வில்லரே, மொன்ட்ரியால்
10 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் என்னுடைய நம்பரை மறித்து வைத்து ஐந்து மாதமாகிறது. சஜிதாவிடம் சொல்லியனுப்பலாம் என்றால், "அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவிலை நான் நிக்க மாட்டன் சித்தி, உங்கடை சண்டையை நீங்களே பிடியுங்கோ" என்கிறாள். அதனால்தான் தாளும் பேனாவும். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாமல் ஒருமுறை வாசியுங்கள்.

அப்பாவின் றங்குப்பெட்டியில் இருந்த அந்தப் பழைய இங்கிலிஷ் கொப்பியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் எனக்குத் தந்தபோது அது என்னவென்று எனக்கும் தெரியாது. அதன் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் ஹன்னா வெதர்பி. அமெரிக்காவில் முதன்முதலில் நாவல் எழுதத் துணிந்த பெண்களில் ஒருத்தி. பாட்டன் ஆளுநர், தகப்பன் நீதிபதி, சகோதரர்களுக்குக் கப்பல்கள். பொஸ்டனில் இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் பெயரில் தெருவும் நூலகமும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளி ஒன்றுக்கு அவர் புத்தகப் பெட்டிகள் அனுப்பி வந்தார். அப்படி ஒரு பெட்டிக்குள் தன் சொந்தக் கொப்பியையும் வைத்து அனுப்பினார் என்பதுதான் என் கட்டுரை. குடும்பத்தின் கண்ணில் படாமல் காப்பாற்ற அனுப்பினார் என்று எழுதினேன். எழுத்து அவருடையதுதான் என்று அந்தக் குடும்பத்து அறக்கட்டளையின் நிபுணரும் சொல்லிவிட்டார்.

மே 16ஆம் திகதி பொஸ்டனில் வெதர்பி அறக்கட்டளை விழா எடுக்கிறது. நான் பேசி, கொப்பியை அவர்களிடம் கையளிக்க வேண்டும். ஜூன் மாதம் பல்கலைக்கழகத்தில் நிரந்தர இடத்துக்கு யார் என்று முடிவாகும். பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு தவணையும் "அடுத்த முறையும் கூப்பிடுவார்களா" என்று காத்துக்கொண்டு படிப்பிக்கிறேன் அக்கா. எனக்கு நாற்பத்தாறு வயது. இதை விட்டால் வேறு வழியில்லை.

ஒரேயொரு இடைஞ்சல். கொப்பியின் கடைசியில் இரண்டு தாள்கள் இல்லை. கிழிந்ததல்ல, பிளேட்டால் வெட்டியது. அவர்கள் கேட்கிறார்கள். நீங்கள் தரும்போதே "அப்பிடித்தான் இருந்தது" என்றீர்கள். உண்மையில் அந்தத் தாள்கள் உங்களிடம் இருக்கின்றனவா?

வித்தியா

மொன்ட்ரியால்-நோர்
19 மார்ச்

வித்தியாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கிழிக்க நேரமில்லை என்பதுதான் உண்மை. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிற தாய்மார் ஆறு பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிடுவார்கள். ஒன்றுக்கு மூக்கு வடியும், மற்றது கடிக்கும். அதுகளை நித்திரையாக்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏன் உன்னோடு கதைப்பதில்லை என்று ஒரு வரி கேட்டாயா? கேட்கவில்லை. நானே சொல்கிறேன். ஒக்டோபர் மாதம் உன்னுடைய பெரிய படத்தோடு பிரெஞ்சுப் பேப்பரில் வந்ததை சஜிதா எனக்குத் தமிழில் சொன்னாள். "படிப்பறிவு குறைந்த ஒரு வீட்டில், அருமை தெரியாதவர்களின் கையில், பழைய துணிக்குள் கிடந்தது" என்று சொல்லியிருக்கிறாய்.

எந்த வீடு அது? உன்னைப் பன்னிரண்டு வயதில் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்த வீடு. சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ஜீன்ஸுக்குப் பொக்கற் தைத்தேன். நீ குசினி மேசையில் இருந்து படித்தாய் என்று நாங்கள் கட்டிலில் இருந்து சாப்பிட்டோம். எட்டாம் வகுப்போடு நிறுத்தினவள் நான், ஓம். ஆனால் அந்தப் பழைய துணி என்று சொன்னாயே, அது அம்மாவின் கூறைச்சேலை. ஊரில் எல்லாம் எரிந்து போக, அப்பா தூக்கிக்கொண்டு வந்தது அந்தச் சேலையையும் அதற்குள் சுற்றின கொப்பியையும்தான். அருமை தெரியாதவர் அப்படியா கொண்டு வருவார்?

தாள் எதுவும் என்னிடம் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன்.

இன்னொன்று. சஜிதாவின் கலியாணம் ஆகஸ்ட் 23. மாப்பிள்ளை றொக்சன் நல்ல பெடியன். தாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி, பரம்பரை, குலம் என்று கதைக்கிற மனிசி. அதுவரைக்கும் இந்தக் கொப்பிக் கதையைக் கிண்டாமல் இரு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

சிவநேசம்

வில்லரே
28 மார்ச்

அக்கா,

கூறைச்சேலை என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நிருபர் கேட்டபோது சொல்ல நல்ல கதையாக இருந்தது, சொல்லிவிட்டேன். பேப்பரில் பார்த்தபோது எனக்கே கூசியது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "இருந்தாலும் தர மாட்டேன்" என்று இல்லாத தாளுக்கு ஒருவரும் எழுத மாட்டார்கள். அது உங்களிடம் இருக்கிறது.

அந்தக் கொப்பியில் ஒரு வரி இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஒரு சீமாட்டி தான் உடுத்துக் கழித்த சட்டையைக் கொடுப்பதுபோல எனக்கு ஒரு பெயரைக் கொடுத்தார்கள். சட்டை பெரிதென்றால் பிடித்துத் தைக்கலாம். பெயரை என்ன செய்வது?" இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் தன் பேர்பெற்ற குடும்பத்தின் பெயரைச் சுமக்க முடியாமல் இப்படி எழுதியிருக்கிறாள். என் கட்டுரை முழுக்க இந்த வரியில்தான் நிற்கிறது. அவளுடைய நாவல்கள் எல்லாம் பிரசங்கம் மாதிரி இருக்கும். இந்தக் கொப்பியில் மட்டும்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். கடைசித் தாளில் என்ன சொன்னாள் என்று தெரியாமல் நான் எப்படி மேடையில் ஏறுவது?

பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அறக்கட்டளைக்கு வக்கீல் இருக்கிறார். கொப்பியின் ஒரு பகுதியை யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் விலாசத்துக்குக் கடிதம் வரும். அது வராமல் தடுக்கத்தான் நான் எழுதுகிறேன்.

வித்தியா

மொன்ட்ரியால்-நோர்
8 ஏப்ரல்

வித்தியா,

வக்கீலைக் காட்டி வெருட்டுகிறாயா? என்னை? நல்லது. நீ சின்னனில் காய்ச்சலில் கிடந்தபோது இரவிரவாக முழித்திருந்தவளுக்கு வக்கீல் கடிதம் அனுப்பு. கதவில் ஒட்டி வைக்கிறேன், வாற போற ஆக்கள் வாசிக்கட்டும்.

தாள் என்னிடம்தான் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடக்கும்போது என் கையில் தந்தவர். இங்கே வந்து இறங்கின கிழமையே சவர பிளேட்டால் அவரே வெட்டினவர். எரிக்க மனம் வரவில்லை என்று சொன்னார். நான் தரக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நீ எழுதின அந்தச் சட்டை வரியை வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. பொஸ்டன் சீமாட்டிக்கு யாரடி பழைய சட்டை கொடுத்தது? நீ இவ்வளவு படித்தும் அதைக் கேட்கவில்லையே.

மூலத்தை அனுப்ப மாட்டேன். இங்கிலிஷ் இல்லை, தமிழ். ஒரு எழுத்தும் மாற்றாமல் பார்த்து எழுதுகிறேன்.

"என் பிதா வேலன். பனை ஏறுகிறவர். என் மாதா வாந்திபேதியில் இறந்த பின்பு என்னை மிஷன் வீட்டுப் பள்ளியில் விட்டார். என் பேர் சின்னி. என் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்புகிற பொஸ்தன் சீமாட்டியின் பேர் ஹன்னா வெதர்பி ஆகையால் இங்கே என்னையும் அப்படியே அழைக்கிறார்கள். அவருடைய கடுதாசிகளை வைத்து எழுதிப் பழக்கினதினால் என் எழுத்தும் அவர் எழுத்துப்போல் இருக்கும். வருஷம் ஒருதரம் அவருக்கு நன்றி சொல்லிக் கடுதாசி எழுத வேண்டும். இந்தப் புத்தகம் நன்றிக்கு எழுதினதல்ல. இதில் உள்ள கதைகள் நான் உண்டாக்கினவை. பிதா என்னைப் பார்க்க வந்தால் வேலிக்கு வெளியே நிற்கிறார். அங்கே நின்று என்னை எந்தப் பேரால் கூப்பிடுகிறாரோ அந்தப் பேர்க்காரியே இதை எழுதினது. 1838 ஆனி."

அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளில் அப்படி வழக்கமாம். யார் பணம் அனுப்புகிறாரோ அவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவார்களாம். அப்பா சொன்னவர். சின்னி, அப்பாவுக்கு நாலு தலைமுறை முந்தினவ. அவவின் மகன் தாயிடம் இங்கிலிஷ் படித்து, அரசாங்கக் கச்சேரியில் வேலை எடுத்து, ஊர் மாறினான். பெயரை நீட்டினான். கோயில் கட்டக் காசும் கொடுத்தான். அதுக்குப் பேந்து ஒருத்தரும் "நீங்கள் என்ன ஆக்கள்" என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இப்போது விளங்குகிறதா நான் ஏன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன் என்று? "இது வெளியிலை வந்தால் எங்கடை பிள்ளையளை ஒருத்தரும் எடுக்காயினம்" என்றுதான் அப்பா கண்ணை மூடினார். றொக்சனின் தாய்க்கு இது காதில் விழுந்தால் என் பிள்ளையின் கலியாணம் அன்றோடு சரி. நீ கேட்டாய், தந்துவிட்டேன். இனி வாயைத் திறக்காதே.

சிவநேசம்

வில்லரே
15 ஏப்ரல்

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொப்பியை முதலிலிருந்து மறுபடியும் வாசித்தேன். ஒவ்வொரு பக்கமும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அதில் ஒரு கதை. ஒரு மனிதன் மரத்தில் முட்டி கட்டுகிறான், சொட்டுச் சொட்டாக இனிப்பு நீர் வடிகிறது, மகள் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறாள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? மேப்பிள் மரம் என்று எழுதினேன். அமெரிக்கக் குளிர்காலத்தின் முடிவு, பனி உருகுவது, வாளியில் மேப்பிள் பால் சேர்ப்பது என்று ஆறு பக்கம். இங்கே பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எங்களை மேப்பிள் பாகு காய்ச்சுகிற சீனிக் குடிலுக்குக் கூட்டிப்போவார்கள் அல்லவா, அதுதான் என் தலைக்குள் இருந்தது. ஏன் அண்ணாந்து பார்க்க வேண்டும், மேப்பிள் வாளி இடுப்பு உயரத்தில் அல்லவா தொங்கும் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு ஒரு நிமிஷம் தோன்றவில்லை. பனை மரம் அக்கா. அவளுடைய அப்பா மேலே இருக்கிறார். விழுந்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

கொடையாளரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் அந்த வழக்கத்தை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அது எங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் என்று நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்படி எழுத ஒருத்தி இருந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் உண்மை.

கட்டுரை அச்சாகிவிட்டது. அழைப்பிதழ் போய்விட்டது. இப்போது நான் போய்ச் சொன்னால் வேலை மட்டுமல்ல, சொந்த வீட்டுக் கொப்பியையே அடையாளம் தெரியாத ஆராய்ச்சியாளர் என்று ஊர் சிரிக்கும். நீங்களும் வெளியில் வரக்கூடாது என்கிறீர்கள், நானும் வேண்டாம் என்கிறேன். முதல்முறையாக இருவருக்கும் ஒரே விருப்பம்.

அந்த இரண்டு தாள்களையும் எரித்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வித்தியா

மொன்ட்ரியால்-நோர்
24 ஏப்ரல்

வித்தியா,

எரி என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அப்பா பயந்தவர், ஊருக்குப் பயந்து பயந்தே செத்தவர். அவரே எரிக்கவில்லை.

எரிக்க மாட்டேன். ஆனால் காட்டவும் மாட்டேன். நீ போய் உன் சீமாட்டியைப் பற்றிப் பேசு, உன் வேலையை எடு. நான் என் பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிறேன். கலியாண மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. சஜிதாவுக்கு இது ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள், ஆஸ்பத்திரியில் இரட்டை வேலை செய்துவிட்டு வந்தும் சிரித்துக்கொண்டு திரிகிறாள்.

இரண்டு பேருக்கும் ஒரே விருப்பம் என்று பெரிய சந்தோஷமாக எழுதியிருந்தாய். எனக்கு அதை வாசிக்க வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து எழுதினதிலிருந்து அந்தச் சின்னிப் பெட்டை என்னை விடுகிறாள் இல்லை. பதினாறு வயதாவது இருந்திருக்குமா? சோறு வடிக்கும்போதும் வேலிக்கு வெளியே நிற்கிற அந்த மனிசன்தான் கண்ணுக்குள் வருகிறார். சரி, அதை விடு. சொன்னபடி செய்.

சிவநேசம்

பொஸ்டன்
16 மே

அன்புள்ள அக்கா,

முடிந்துவிட்டது. ஹோட்டல் அறையில் இருந்து எழுதுகிறேன்.

பெரிய மண்டபம். சுவர் நிறைய வெதர்பி குடும்பத்து ஆண்களின் படங்கள், நடுவில் ஹன்னாவின் சின்னப் படம். நான் நாற்பது நிமிஷம் பேசினேன். சட்டை வரியை வாசித்தபோது ஆட்கள் கண்ணைத் துடைத்தார்கள். குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் கிழவி ஒருவர், சக்கர நாற்காலியில் வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் ஹன்னாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய் பிள்ளை" என்று அழுதார். கொப்பியை அவர் மடியில் வைத்தேன்.

பிறகு கேள்வி நேரம். பின்வரிசையில் ஒரு பெண் எழும்பினாள். மாணவி. "மிஷன் பள்ளிகளில் கொடையாளரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தார்களே, இதை அந்தப் பெயரில் இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை எழுதியிருக்கலாம் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டாள். அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள் அக்கா. தண்ணீர் குடித்தேன்.

"யோசித்தேன், ஆராய்ந்தும் பார்த்தேன். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை" என்றேன்.

பொய் சொன்னது எனக்காக மட்டும் இல்லை. சஜிதாவை நினைத்துத்தான் சொன்னேன். உங்களுக்கு வாக்குக் கொடுத்தேன் அல்லவா, அதைக் காப்பாற்றினேன். இனி நிம்மதியாகக் கலியாண வேலையைப் பாருங்கள்.

வித்தியா

மொன்ட்ரியால்-நோர்
16 மே

வித்தியா,

இன்றைக்கு நீ அங்கே மேடையில் நிற்பாய். இந்தக் கடிதம் உனக்குப் பிந்தித்தான் கிடைக்கும். எனக்கு வேறு வழி தெரியவில்லை, உன் நம்பருக்கு எடுக்கப் போனேன், சஜிதா கோபத்தில் போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். ஏன் என்று சொல்கிறேன்.

புதன்கிழமை றொக்சனின் தாய் ரொறன்ரோவிலிருந்து வந்தவ. நகைக் கதை கதைக்க. தேத்தண்ணி கொடுத்தேன். உன்னுடைய விஷயத்தை யாரோ சொல்லிப் பூரிப்போடு வந்திருக்கிறா. "உங்கடை வீட்டிலை அமெரிக்கக் கவர்னர் குடும்பத்துப் பொம்பிளையின்ரை எழுத்து இருந்ததாமே? அப்ப உங்கடை ஆக்கள் அந்தக் காலத்திலேயே பெரிய இடந்தான்" என்றா. நான் சிரித்து மழுப்பினேன். விட்டிருக்கலாம். அவ விடவில்லை. ஏதோ ஒரு வீட்டுப் பெடியன் டொக்டராம், அவன் மரம் ஏறுகிற பகுதியாம், அவனுக்கு ஒரு பெட்டை விரும்பிப் போய்விட்டாளாம். "எவ்வளவு படிச்சும் என்ன? அதுகளுக்கு எழுத்து வாசனை எங்கையிருந்து வரும்?" என்று கேட்டா.

எழுத்து வாசனை! அந்தத் தாளை ஒரு எழுத்தும் மாற்றாமல் பார்த்து எழுதின கை இது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, இரண்டு தாளையும் கொண்டுவந்து அவவின் மடியில் போட்டேன். "வாசியுங்கோ. இது உங்கடை கவர்னர் வீட்டுப் பொம்பிளை இல்லை. பனை ஏறுற வேலனின்ரை மகள் சின்னி. நாங்கள் அவவின்ரை பிள்ளையள்" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன் வித்தியா. அறுபத்தொரு வயதில் முதல்தரம்.

மனிசி வாசித்தா. முதல் வரியோடு தாளைக் கதிரையில் வைத்துவிட்டு, குடிக்காத தேத்தண்ணியைத் தள்ளிவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டா.

சஜிதா குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டாள். "இது என்ரை கலியாணம் அம்மா. எனக்குச் சொல்லாமல், என்னைக் கேட்காமல் எப்பிடிச் செய்வீங்கள்?" என்றாள். அவள் சொன்னது சரி. நான் பிழை விட்டுவிட்டேன். அவளுக்கு முதல் சொல்லியிருக்க வேண்டும், எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. றொக்சனும் எடுக்கவில்லை. ஆனால் சொன்னதற்காக நான் கவலைப்படவில்லை.

ஆகவே எங்களுக்காக நீ வாயைப் பொத்திக்கொண்டு இருக்கத் தேவையில்லை. அதைச் சொல்லத்தான் இது.

அக்கா

மொன்ட்ரியால்-நோர்
28 மே

வித்தியா,

நீ பொஸ்டனில் இருந்து போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது. என்னுடைய கடிதம் நீ வந்த கிழமையே உன் பெட்டிக்குள் விழுந்திருக்கும். ஒன்பது நாளாக நீ ஒரு வரி எழுதவில்லை. ஏன் என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

நடந்ததைக் கேள். போன சனிக்கிழமை றொக்சன் வந்தான். பாவம், முகம் வீங்கிக் கிடந்தது, பெடியன் நன்றாக அழுதிருக்கிறான். "அம்மாவை நான் சமாளிப்பன் சஜி. அன்ரி கோபத்திலை சும்மா சொன்னது, அது பொய் எண்டு ஒருக்கா போனிலை சொல்லச் சொல்லு. அது போதும். எல்லாம் பழையபடி வரும்" என்றான். நான் சஜிதாவைப் பார்த்தேன். அவள் சொன்னால் நான் சொல்லியிருப்பேன், உன்மேல் ஆணையாகச் சொல்லியிருப்பேன். அவ்வளவு பயந்துபோய் இருந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவேயில்லை. மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைத்து, "பொய் இல்லை றொக்சன், வீட்டை போ" என்றாள். அவ்வளவுதான். பிறகு இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து தாளைத் தா என்று வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுத பிள்ளை. என்னோடு இன்னும் சரியாகக் கதைக்கிறாள் இல்லை. அது என் வினை, நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ என் மகளை நினைத்துப் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு இருபத்தொன்பது வயது. தன் வாழ்க்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். உனக்கு நாற்பத்தாறு. டொக்டர் பட்டம். அந்தப் பொஸ்டன் பெட்டை கேள்வியைத் தட்டில் வைத்து நீட்டியும் நீ தண்ணீர் குடித்தாய்.

கலியாணம் இல்லை. மண்டபம் இல்லை. இனி சஜிதாவின் பெயரைச் சொல்லி ஒளியாதே. ஒளிவதென்றால் உன் பெயரிலேயே ஒளி.

அக்கா

வில்லரே
10 ஜூன்

அக்கா,

உங்கள் முதல் கடிதம் பொஸ்டனிலிருந்து வந்த அன்றே கிடைத்தது. பதினாலு நாள் அதை மேசையில் வைத்துக்கொண்டு, நீங்கள் இன்னும் என் கடிதத்தை வாசித்திருக்க மாட்டீர்கள், அதுவரை எனக்கு நேரம் இருக்கிறது என்று இருந்தேன். எதற்கு நேரம் என்று கேட்காதீர்கள். நிரந்தர இடத்துக்கான கூட்டம் ஜூன் 3ஆம் திகதி. அது முடியட்டும் என்றுதான் இருந்தேன். வேறு யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

உங்கள் இரண்டாவது கடிதம் ஜூன் 2ஆம் திகதி வந்தது. தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்தேன். மேல்வீட்டுக்காரர் "பொன்ஜூர்" என்று வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்.

மேலே வந்து, நீங்கள் பார்த்து எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து, இங்கிலிஷிலும் எழுதி, மூன்று இடத்துக்கு அனுப்பினேன். அறக்கட்டளைக்கு, கட்டுரை போட்ட சஞ்சிகைக்கு, பல்கலைக்கழகத்துக்கு. மண்டபத்தில் அந்த மாணவி கேட்டபோது எனக்கு உண்மை தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டே இல்லை என்றேன் என்றும் எழுதினேன். அதை எழுதாமல் விடலாமா என்று அரை மணி நேரம் பார்த்தேன். எழுதினேன். அந்தப் பெண்ணின் பெயரைத் தேடிப் பிடித்து அவளுக்கும் ஒரு பிரதி போட்டேன். அவள் மட்டும்தான் இதுவரை நல்ல வார்த்தை எழுதியிருக்கிறாள்.

இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. செப்டம்பர் தவணைக்கும் என்னைக் கூப்பிடவில்லை. சஞ்சிகை கட்டுரையை எடுத்துவிட்டது. நான் அழுதேன், பொய் சொல்லமாட்டேன், நன்றாக அழுதேன்.

அறக்கட்டளையின் பதில்தான் நான் நினைக்காதது. சண்டைக்கு வருவார்கள், மறுப்பார்கள் என்று இருந்தேன். நாலு வரி. எழுதியவர் ஹன்னா வெதர்பி இல்லை என்றால் இந்தக் கொப்பி தங்கள் குடும்பத்தின் மரபுக்குள் வராது, ஆகவே தங்களுக்குத் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். நேற்றுக் கூரியர்காரன் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினான். அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். போன மாதம் மடியில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அதே கொப்பி, ஒரு எழுத்து மாறவில்லை, எழுதினவள் மட்டும் மாறிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியை உதைத்தேன். பிறகு கொப்பியை எடுத்து முன்னால் வைத்தபோதுதான் ஒன்று உறைத்தது. நூற்றுப்பன்னிரண்டு பக்கம், ஒன்பது கதைகள். உங்கள் அலுமாரியில் இருபத்தைந்து வருஷம் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கு ஒருவருமே சொல்லவில்லை. நான் அதை வைத்துக் கட்டுரை எழுதினேன், பேப்பருக்குப் பேட்டி கொடுத்தேன், வெள்ளைக்காரக் கிழவியின் மடியில் கொண்டுபோய் வைத்தேன். உங்களுக்கு ஒரு கதையாவது தமிழில் வாசித்துக் காட்டவில்லை. அப்பாவுக்கும் தெரியாமலே போய்விட்டது.

சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள் அல்லவா, கொப்பியைக் கொண்டுவாறன். சஜிதாவையும் இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் கதவைத் திறக்காவிட்டால் படியில் இருந்துகொண்டு முதல் கதையைச் சத்தமாக வாசிப்பேன், மொன்ட்ரியால்-நோர் முழுக்கக் கேட்கட்டும்.

வித்தியா